காட்டுப்பூக்களைக் கிட்டத்தில் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

நீங்கள் கேட்டது இது: கையில் கேனன் 200டி மார்க் 2 இருக்கிறது, அதோடு வந்த 18-55, 55-250 இரண்டு லென்சும் இருக்கின்றன, ஊரைச் சுற்றியும் ஏற்காடு, கொல்லிமலைப் பக்கமும் கண்ணில் படும் காட்டுப்பூக்களை எடுத்துப் பெயரோடு சேர்த்து வைக்க ஆசை, அதற்கு 60 மி.மீ. மேக்ரோ வாங்குவதா, 100 மி.மீ. மேக்ரோ வாங்குவதா, இல்லை மலிவாகக் கிடைக்கும் குளோசப் ஃபில்டரே போதுமா. மேக்ரோ என்பது மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிப் பொருளைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ், மி.மீ. எண்கள் லென்சின் ஃபோக்கல் லெங்த், அது கூடக்கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பூவை எவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டும் என்பது ஒன்று, எவ்வளவு தள்ளி இருந்து எடுக்க முடியும் என்பது இன்னொன்று. லென்ஸ் விளம்பரங்கள் எல்லாம் முதல் கேள்வியைப் பற்றியே பேசும். பல வருடமாகக் காட்டுப்பூக்களை எடுத்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் செடிகளைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

முதலில் அளவு. மேக்ரோ லென்சின் மேல் 1:1 என்று போட்டிருந்தால், பொருள் நிஜத்தில் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் சென்சார் மேல் விழும் என்று அர்த்தம். உங்கள் கேமரா சென்சார் 22.3 மி.மீ. அகலம், 14.9 மி.மீ. உயரம். அப்படியானால் 1:1 இல் ஃபிரேம் முழுவதும் அடங்குவது சுமார் இரண்டே கால் சென்டிமீட்டர் அகலம்தான், அதாவது ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குக் கிட்டத்தட்ட. இப்போது கையிலிருக்கும் லென்ஸ்களைப் பாருங்கள். 18-55 எஸ்டிஎம் (இது ஃபோகஸ் மோட்டாரின் வகைப்பெயர்) அதிகபட்சம் 0.25 மடங்கு போகும், ஃபிரேமில் சுமார் 9 செ.மீ. அகலம் விழும். 55-250 எஸ்டிஎம் 0.29 மடங்கு, ஃபிரேமில் ஏழே முக்கால் செ.மீ. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு, ஒரு சின்ன ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் நீங்கள் எடுக்க நினைக்கும் பூக்களை அளந்து பாருங்கள். பறிக்க வேண்டாம், செடியிலேயே வைத்து அளக்கலாம்.

செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். இதழ் ஒவ்வொன்றும் ஐந்து முதல் எட்டு செ.மீ. நீளம், மேல்நோக்கி வளைந்து நிற்கும், கேசரங்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். முழுப்பூவும் ஃபிரேமில் அடங்க வேண்டுமென்றால் 0.2 மடங்கே அதிகம். அதற்கு மேக்ரோ லென்ஸ் தேவையே இல்லை. ஆவாரம்பூ நாலைந்து செ.மீ., ஆனால் கொத்தாகப் பூப்பதால் கொத்தைத்தான் எடுப்பீர்கள், அதற்கும் 55-250 போதும். அப்புறம்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நெருஞ்சிப்பூ ஒரு செ.மீ. அளவில் இருக்கும். தும்பையில் ஒற்றைப்பூ அதே அளவு, அதன் மேலுதட்டில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மயிர் இருக்கிறதே, அது தெரிய வேண்டுமென்றால் அரை மடங்குக்கு மேல் போயாக வேண்டும். விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ பெரும்பாலும் ஒரு செ.மீ.கூடத் தொடாது, 1:1 இல் எடுத்தாலும் ஃபிரேமின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் பிடிக்கும். ஆக, உங்களை இழுப்பது காந்தளா விஷ்ணுகிராந்தியா என்பதைப் பொறுத்து இந்தக் கேள்வியின் பதிலே மாறிவிடும். என் அனுபவத்தில், ஆரம்பிப்பவர்கள் பெரிய பூக்களில் தொடங்கி ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தரையில் கிடக்கும் சின்னப் பூக்களுக்கு வந்துவிடுகிறார்கள். நீங்களும் வருவீர்கள் என்று வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன்.

இனி தள்ளி இருப்பது. நெருஞ்சி தரையோடு படர்வது, அதன் பூ சூரியனைப் பார்த்தே நிற்கும். அதை நேர் எதிரில் இருந்து எடுக்கப் போனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும், லென்ஸ் பூவுக்குப் பக்கத்தில் போகப் போக லென்சின் நிழலே பூவின் மேல் விழும். கேனன் 60 மி.மீ. மேக்ரோவில் 1:1 போகும்போது லென்ஸ் முனைக்கும் பூவுக்கும் இடையில் ஒன்பது செ.மீ. மாதிரிதான் மிஞ்சும். 100 இல் அது பதினைந்து செ.மீ.யை ஒட்டி இருக்கும். வெறும் ஐந்தாறு செ.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த இடத்துக்குள்தான் வெளிச்சம் வர வேண்டும், வெளிச்சத்தைப் பூவின் மேல் திருப்பிவிட உங்கள் கை ஒரு வெள்ளைத்தாளைப் பிடிக்க வேண்டும், பூவில் உட்கார்ந்திருக்கும் தேனீ பறக்காமல் இருக்க வேண்டும். 35 மி.மீ. மேக்ரோ என்று கேனனில் ஒன்று உண்டு, 1:1 இல் அதன் முனைக்கும் பூவுக்கும் மூன்று செ.மீ.தான், அதனால்தான் அதன் முனையிலேயே சின்ன விளக்கைப் பதித்துத் தருகிறார்கள். மேசையில் வைத்து எடுக்கும் பொருளுக்கு நல்ல லென்ஸ், புல்லுக்குள் இருக்கும் பூவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இதைவிடப் பெரிய விஷயம் பின்னணி. காட்டுப்பூ தனியாக நிற்பதில்லை. காய்ந்த புல், பாலிதீன் கிழிசல், வேலிக்கம்பு, பக்கத்துச் செடியின் தண்டு என்று எல்லாம் பின்னால் வரும். பூவை ஒரே அளவில் ஃபிரேமில் வைத்து, ஒரு தடவை 60 இலும் ஒரு தடவை 100 இலும் எடுத்துப் பார்த்தால், 100 இல் பின்னால் தெரியும் பரப்பின் அகலம் வெகுவாகக் குறைந்திருக்கும், இருக்கிற கொஞ்சமும் இன்னும் அதிகமாகக் கலங்கியிருக்கும். கேமராவை இரண்டு விரல் நகர்த்தினாலே அந்தப் பாலிதீன் கிழிசல் படத்தைவிட்டு வெளியே போய்விடும். 35 இல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாலும் ஏதாவது ஒன்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். போன் கேமராவில் வரும் மேக்ரோ வசதி பல மாடல்களில் அகலக்கோண லென்சிலேயே வேலை செய்வதால் இந்தத் தொல்லை அங்கே இன்னும் அதிகம். விவரம் கூர்மையாகவே வரும், பின்னணியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கடைகளில்கூட இதைச் சொல்கிறார்கள். சின்ன ஃபோக்கல் லெங்த் லென்ஸ் வாங்கினால் பூ முழுவதும் கூர்மையாக வரும் என்பது. கிட்டத்தில் எடுக்கும்போது அப்படி இல்லை. உருப்பெருக்கமும் அபெர்ச்சரும் (லென்சில் ஒளி நுழையும் துவாரம், எஃப் எண் கூடக்கூட அது சிறிதாகும்) ஒன்றாக இருந்தால், 60 ஆனாலும் 100 ஆனாலும் கூர்மையாக விழும் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பின்னணி கலங்கும் அளவுதான் மாறும். இது ஒளியியல் கணக்கு, என் கருத்து இல்லை. உங்கள் சென்சாருக்கு வழக்கமான அளவுகோலில் கணக்குப் போட்டால், எஃப்/8 இல் கால் மடங்கில் 6 மி.மீ. ஆழம் கிடைக்கும், 1:1 இல் அது 0.6 மி.மீ. ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு. காந்தளைக் கால் மடங்கில் எடுக்கும்போதே முன்னிதழ் தெளிவாக இருந்தால் பின்னிதழ் இருக்காது, அதனால் பக்கவாட்டில் போய், கேசரங்கள் விரிந்திருக்கும் தளத்துக்குச் சென்சாரை இணையாக வைத்து எடுக்க வேண்டும். விஷ்ணுகிராந்தி தட்டையான பூ என்பதால் நேர் எதிரில் வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். சரி, அபெர்ச்சரை எஃப்/22 வரை மூடிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 1:1 இல் லென்சில் எஃப்/8 என்று வைத்தால் அது எஃப்/16 மாதிரி நடந்துகொள்ளும், எஃப்/22 வைத்தால் எஃப்/44 ஆகும். அந்த நிலையில் சின்னத் துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மங்கலாகிவிடும், ஆழம் கூடினாலும் கூர்மை போய்விடும். 1:1 இல் எஃப்/8, மிஞ்சினால் எஃப்/11 வரை போதும். பெரிய பூவுக்கு எஃப்/16 கூட வைக்கலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடனே மேக்ரோ வாங்க வேண்டாம். 55-250 க்கு முன்னால் பொருத்தும் நல்ல குளோசப் லென்ஸ் (நீங்கள் ஃபில்டர் என்று கேட்டது இதைத்தான்) ஒன்று முதலில் வாங்குங்கள். வெள்ளெழுத்து வந்தவர் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்வது மாதிரிதான் இது வேலை செய்கிறது, கிட்டப் பார்க்க முடியாத லென்சைக் கிட்டப் பார்க்க வைக்கும். மூன்று நான்கு வட்டக் கண்ணாடிகள் ஒரு பையில் சேர்த்து +1, +2, +4, +10 என்று வரும் மலிவு செட்டை வாங்காதீர்கள். அவை ஒற்றைக் கண்ணாடி, நடுப்பகுதி ஏதோ பார்க்கும்படி இருக்கும், ஓரங்கள் வழிந்த மாதிரி இருக்கும், வெள்ளைத்தும்பையைச் சுற்றி ஊதாவும் பச்சையுமாகக் கோடு விழும். பல கண்ணாடிகளைச் சேர்த்து நிறப்பிழையைச் சரிசெய்த வகையை வாங்குங்கள். ரேநாக்ஸ் டிசிஆர்-150 இந்த வகையில் பிரபலமானது, அதன் திறன் +4.8. 52 முதல் 67 மி.மீ. வரை உள்ள லென்ஸ் வாய்களில் கிளிப் மாதிரி மாட்டலாம், உங்கள் 55-250 இன் வாய் 58 மி.மீ., பொருந்தும். லென்சை முடிவிலியில், அதாவது மிகத் தூரத்தில், ஃபோகஸ் வைத்தால் பூ சுமார் 20 செ.மீ. தூரத்தில் தெளிவாகும், ஜூம் செய்தாலும் அந்தத் தூரம் மாறாது. ஆனால் உருப்பெருக்கம் மாறும். 55 இல் கால் மடங்கை ஒட்டி, 100 இல் கிட்டத்தட்ட அரை மடங்கு, 250 இல் 1.2 மடங்கு. அதாவது ஜூம் வளையத்தைத் திருப்பினாலே தும்பைச் செடியின் ஒரு கொத்திலிருந்து ஒற்றைப் பூவின் உதடு வரை போகலாம், பூவுக்கும் உங்களுக்கும் நடுவே 20 செ.மீ. இடமும் இருக்கும். அது 100 மி.மீ. மேக்ரோ தருவதைவிட அதிகம்.

குறை இல்லாமல் இல்லை. அதை மாட்டிவிட்டால் தூரத்தில் எதுவும் ஃபோகஸ் ஆகாது, 20 செ.மீ.யை விட்டு ரொம்ப விலகவும் முடியாது, ஒரு பட்டாம்பூச்சி பக்கத்துச் செடியில் உட்கார்ந்தால் கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓரங்களில் மேக்ரோ லென்ஸ் அளவுக்குத் தெளிவு வராது. பூவுக்கு அது பெரும்பாலும் பொருட்டில்லை, ஓரங்களில் எப்படியும் கலங்கிய பின்னணிதான் இருக்கும். இலையைத் தட்டையாக வைத்து நரம்பு நரம்பாக எடுப்பவருக்கு அது பொருட்டு. இதே நிறுவனத்தின் டிசிஆர்-250 இன்னும் வலுவானது, +8, தூரம் பன்னிரண்டு செ.மீ. சுற்றி வந்துவிடும். பூச்சி எடுப்பவர்கள் அதை விரும்புவார்கள். உங்களுக்கு 150 தான்.

எக்ஸ்டென்ஷன் டியூப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதில் கண்ணாடி எதுவும் கிடையாது, லென்சைச் சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும் வெற்றுக்குழாய். டியூபின் நீளத்தை லென்சின் ஃபோக்கல் லெங்த்தால் வகுத்தால் எவ்வளவு உருப்பெருக்கம் கூடும் என்று தெரியும். 50 மி.மீ. லென்சுக்கு 36 மி.மீ. டியூப் போட்டால் 0.72 கூடும், பிரமாதம். 250 க்கு அதே டியூப் போட்டால் 0.14 தான், பிரயோசனம் குறைவு. 50 எஃப்/1.8 வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி, ஆனால் பூவுக்கு மிகப் பக்கத்தில் போக வேண்டியிருக்கும், மேலே சொன்ன நிழலும் பின்னணியும் திரும்ப வரும். மின் தொடர்பு இல்லாத மலிவு டியூபை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கேனன் லென்சில் அபெர்ச்சர் மின்சாரத்தில் இயங்குவது, தொடர்பு இல்லையென்றால் அது முழுதாகத் திறந்தே நிற்கும், 50 எஸ்டிஎம்மில் ஃபோகஸ் வளையம்கூட வேலை செய்யாது.

இந்த ஏற்பாட்டோடு ஒரு மழைக்காலம் போய்ப் பார்த்துவிட்டு, அரை மடங்குக்கு மேல் எடுப்பதுதான் உங்கள் வழக்கம் என்று தெரிந்தால் அப்போது மேக்ரோ வாங்குங்கள், 90 இலிருந்து 105 க்குள் ஏதாவது ஒன்று. கேனன் 100, டாம்ரான் 90, சிக்மா 105, டோகினா 100 எல்லாமே 1:1 போகும், எல்லாமே கூர்மையானவை. எஃப்/8 இல் எடுத்த இரண்டு படங்களை வைத்து இது எந்த லென்ஸ் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் பழையது நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். ஆட்டம் தாங்கும் வசதிக்காகக் கூடுதல் விலை கொடுப்பதா என்பது பலர் குழம்பும் இடம். 2009 இல் வந்த கேனன் 100 எல் லென்சில் அது இருக்கிறது, சாதாரணத் தூரத்தில் 4 ஸ்டாப், 1:1 இல் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்) என்று கேனனே சொல்கிறது. அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், காற்றில் ஆடும் பூவை நிறுத்தாது. வியூஃபைண்டரில் காட்சி நிதானமாகத் தெரிவது சுகமாக இருக்கும், அதை மறுக்கவில்லை, ஆனால் வசதி இல்லாத பழைய 100 க்கும் அதற்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் நான் பழையதை வாங்கி மிச்சப் பணத்தில் ஃபிளாஷ் வாங்குவேன். 60 ஐ ஒதுக்கவும் மாட்டேன். எடை குறைவு, மலையேறும்போது அது தெரியும். ஆனால் அது இஎஃப்-எஸ் வகை, அதாவது உங்களுடையது மாதிரி சின்னச் சென்சாருக்கானது, நாளைக்குப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் வாங்கினால் அதில் மாட்டாது.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில் இருந்த லென்சில், கண்ணாடிகளுக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும். கொஞ்சம்தான், படத்தில் தெரியாது என்பார்கள். வாங்காதீர்கள். ஃபோகஸ் வளையத்தை 1:1 வரை கடைசியாகத் திருப்பிப் பாருங்கள், இடையில் எங்கும் உரசவோ இறுகவோ கூடாது.

எந்த லென்சாக இருந்தாலும் காற்றுதான் உங்களைச் சோதிக்கும். 1:1 இல் உங்கள் சென்சாரில் ஒரு மில்லிமீட்டருக்கு 270 பிக்சல் வரை விழுகிறது, பூ ஒரு மி.மீ. ஆடினால் படத்தில் அவ்வளவும் இழுபடும். காலை முதல் ஒரு மணி நேரம்தான் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும், விஷ்ணுகிராந்தியும் காலையில் விரிந்து உச்சி வெயிலுக்குள் சுருங்கத் தொடங்கிவிடும், இரண்டும் ஒத்துப்போகிறது. வெயில் ஏறிவிட்டால் வெள்ளைக்குடை பிடித்து நிழல் செய்யுங்கள், தும்பை மாதிரி வெள்ளைப்பூ நேர் வெயிலில் வெளுத்துப் போகும். காந்தளில் சிவப்பு மட்டும் தனியாக நிறைந்துவிடும், ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவைத் திரையில் காட்டும் வரைபடம்) சிவப்புக் கோட்டைத் தனியே பார்த்து அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள், இல்லையென்றால் இதழின் நெளிவும் மடிப்பும் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். அப்புறம், உங்கள் கேமராவின் திரை வெளியே திரும்பும், தரைப்பூவுக்கு அதைப் பயன்படுத்துங்கள், நெருஞ்சி முள்ளில் முழங்கையை ஊன்றத் தேவையில்லை. 1:1 இல் ஆட்டோஃபோகஸை நம்பாமல் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து எடுப்பதுதான் வேகம்.

நிச்சயமானது எது, என் விருப்பம் எது என்று பிரித்துவிடுகிறேன். உருப்பெருக்கக் கணக்கு, கூர்மை ஆழம், நீண்ட லென்சில் பின்னணி குறுகுவது, இவை யார் எடுத்தாலும் மாறாது. பின்னணி சுத்தமாக இருப்பதுதான் நல்ல பூப்படம் என்பது என் ருசி. பூ வளரும் இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் 18 மி.மீ. அகலத்தில், பூவை முன்னால் பெரிதாக வைத்து, பின்னால் மலைச்சரிவு முழுவதையும் விட்டு எடுப்பார்கள், அதுவும் சரியே. நீலக்குறிஞ்சிக்கு அதுதான் பொருத்தம் என்றுகூடச் சொல்வேன். 2018 இல் பூத்தது, அடுத்த பெரும்பூப்பு 2030 இல் என்று கணக்கு, அதைப் போய் ஒற்றை மணிப்பூவாக மட்டும் எடுத்துவிட்டு வந்தால் சரிவு முழுக்க நீலமாகிப்போனது யாருக்கும் தெரியாது. ஓரங்களின் தெளிவு பற்றி நான் சொன்னது மட்டும் லென்சுக்கு லென்ஸ் கொஞ்சம் மாறும், வாங்கியதும் ஒரு செய்தித்தாளை நேராக வைத்து எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பெயரோடு சேர்த்து வைக்க வேண்டும் என்றீர்கள், அதற்குப் பூவின் முகம் மட்டும் போதாது. தும்பையில் பல இனங்கள் உண்டு, அவற்றைப் பிரிப்பதில் பூவுக்கு அடியிலுள்ள புல்லிவட்டத்தின் வாயும் அதன் பற்களும் முக்கியம், அங்கேதான் உங்களுக்கு 1:1 உண்மையிலேயே வேண்டும். காந்தளில் இலை நுனியே சுருண்டு பக்கத்துக் கிளையைப் பற்றியிருக்கும், அதையும் எடுங்கள். ஒவ்வொரு செடிக்கும் முழுச்செடி ஒன்று, இலை தண்டோடு சேரும் இடம் ஒன்று, பூ நேராக ஒன்று, பூவின் பின்பக்கம் ஒன்று, முடிந்தால் காயும். பெயர் தெரியாத செடியைப் பற்றி யாரிடமாவது கேட்கும்போது இந்த ஐந்தையும் சேர்த்துப் போடுங்கள், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து எடுத்த ஒரு படமும் இருந்தால் பார்த்துச் சொல்பவர்களுக்கு இன்னும் சுலபம்.